பொய் வேட்டைக்காரனுக்கு ஒரு வழிகாட்டிக் கருவி

1

பாரிஸுக்கு வந்த இந்த முப்பது வருடத்தில் நான் பலவிதமான பொய்கள் சொல்லியிருக்கிறேன். வேலை கேட்டுப் போன இடத்தில், பிரெஞ்சு நன்றாகத் தெரியும் என்று மனப்பாடம் செய்த ஒரே வசனத்தில் சொன்னேன். வீட்டுக்காரர் வந்து எத்தனை பேர் என்று கேட்டபோது, ஏழு பேர் இருந்த அறையில் நாங்கள் மூன்று பேர்தான் என்றேன். அவையெல்லாம் வயிற்றுக்காகவும் கூரைக்காகவும் சொன்னவை. அவற்றுக்காக யாரும் என்னை மலை ஏறச் சொல்லவில்லை. போன கோடையில் என் சொந்தச் சாப்பாட்டு மேசையில், எந்தத் தேவையுமில்லாமல், வெறும் வீறாப்புக்காக ஒரு பொய் சொன்னேன். அதற்குத்தான் மலை ஏறவேண்டி வந்தது.

விஷயம் இதுதான். என் மகள் ஆரணி, ழூலியன் என்ற பிரெஞ்சுப் பொடியனைக் கட்டப்போகிறாள். நல்ல பொடியன். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது சொதியைச் சூப் என்று நினைத்து மூன்று கோப்பை குடித்தான். அத்தோடு என் மனைவி பவானி அவன் கட்சிக்குப் போய்விட்டாள். பிறகு அவனுடைய தாய் தகப்பன் எங்களைப் பார்க்க வந்தார்கள். தகப்பன் ழெரார் தெற்கே மலைப்பக்கம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருட வேட்டைக்காரர். கோழிக்கறி முடியும்வரை வேட்டைக் கதை சொன்னார். அவருடைய தகப்பனின் வேட்டைக் கதையைப் பாயாசம் முடியும்வரை சொன்னார். கடைசியில், "உங்கள் நாட்டில் வேட்டை உண்டா?" என்று என்னைக் கேட்டார்.

"ஏன் இல்லை? வன்னிக் காட்டில் நான் காட்டுப்பன்றி வேட்டை ஆடியிருக்கிறேன்" என்றேன்.

ஆரணி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு இருபத்தைந்து வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். அதுவும் பெரும்பாலும் ஒரு சொல்லில். தமிழை அவள் ரகசியத்துக்கு மட்டும் வைத்திருக்கிறாள். மெத்ரோவில் எதிரே இருப்பவரின் தொப்பியைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டுமென்றால் சுத்தமான தமிழ் வரும். அப்படிப்பட்ட பிள்ளை அன்று என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கண்டு எத்தனையோ வருடம். அதற்குப் பிறகு பொய்யைத் திரும்ப எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் யாழ்ப்பாணம் டவுனுக்குள் பிறந்து வளர்ந்தவன். வன்னியில் சித்தப்பாவின் வயலில் ஒரு கிழமை நின்றிருக்கிறேன். அப்போது வேட்டைக்குப் போன கூட்டத்தோடு நானும் போனது மெய். என் பொறுப்பு தேத்தண்ணிக் கேத்திலைத் தூக்குவது.

2

புரட்டாதியில் ழெராரிடமிருந்து ஒரு தடித்த கடிதம் வந்தது. கார்த்திகையில் தங்கள் வீட்டுக்கு எல்லோரும் வரவேண்டுமாம். பெண்கள் ஊர் பார்க்கலாமாம், நாங்கள் இருவரும் மலைக்காட்டுக்குள் பன்றி தேடிப் போகலாமாம். இந்த நாட்டில் துவக்குத் தூக்குவதற்குப் பரீட்சை எழுதி அனுமதி எடுக்கவேண்டும். அது இல்லாதவர் செம்மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு கூட நடக்கலாம். அதை வாசித்தபோது என் உயிர் திரும்பி வந்தது. துவக்கின் எந்தப் பக்கத்தால் சூடு வரும் என்பதற்கு மேல் எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

கூடவே அவருடைய ஊர் வேட்டைச் சங்கத்தின் படிவம் ஒன்றும் இருந்தது. என் பெயர் சிவநேசன், அப்பாவின் பெயர் கந்தையா. இந்த நாட்டுப் பப்பியே, அதாவது பத்திரங்கள், எல்லாவற்றிலும் அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயராக ஏறியிருக்கிறது. ஆகவே முப்பது வருடமாக எல்லா அலுவலகத்திலும் என்னை "முசியே கந்தையா" என்று கூப்பிடுகிறார்கள், நானும் எழும்பிப் போகிறேன். முட்டைகூடத் தொடாத மனுஷன் என் அப்பா. அவருடைய பெயரைத்தான் நான் அந்த வேட்டைச் சங்கப் படிவத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

கடிதத்தின் அடியில் ழெரார் ஒரு வரி சேர்த்திருந்தார். "எங்கள் மலையில் தொலைபேசி எடுக்காது, மூடுபனியும் வரும். உங்களுக்கென்று ஒரு ஜிபிஎஸ் கருவி கொண்டுவாருங்கள். எது நல்லது என்று உங்களைப் போன்றவருக்கு நான் சொல்லத் தேவையில்லை."

எனக்கோ தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலை விட்டால் பாதி வழி தெரியாது. நான் வேலை செய்யும் சமையலறைக்கு இருபது வருடமாக ஒரே மெத்ரோவில் போய் ஒரே வாசலால் ஏறுகிறேன். போன வருடம் அந்த வாசலைத் திருத்தப் பூட்டியபோது, மற்ற வாசலால் வெளியே வந்து அரை மணித்தியாலம் அலைந்தவன் நான்.

3

ஆலோசனைக்கு ரூ பெர்தொனே தெருவில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் தவம் அண்ணையிடம் போனேன். அங்கே போனால் தொலைபேசிக்கு உறை வாங்கலாம், கலியாணப் பேச்சுக்கால் கேட்கலாம், முழங்கால் வலிக்கு மருந்தும் கேட்கலாம். மூன்றுக்கும் அண்ணையிடம் பதில் இருக்கும்.

"வேட்டைக்கோ? நீயோ?" என்று கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "தம்பி, போன கிழமை கறுத்தப் பூனை ஒண்டு கடைக்குள்ளை வர, நீயெல்லே கதிரைக்கு மேலை ஏறினனீ?"

"அது வேறை, அண்ணை. மானப் பிரச்சினை. நல்ல கருவி ஒண்டு சொல்லுங்கோ."

கடையில் நின்ற கார்த்திக் என்ற சென்னைப் பொடியன் தானாகவே நடுவில் வந்தான். ஏதோ மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிறவன். "சார், தனியா டிவைஸ் எல்லாம் வேஸ்ட். ஃபோன்லயே மேப்பை டவுன்லோட் பண்ணிக்குங்க. சிக்னல் இல்லாட்டியும் ஜிபிஎஸ் ஒர்க் ஆகும்" என்றான்.

"குளிருக்கை போன் செத்துப்போகும்" என்றார் அண்ணை. "பிறகு எங்கை பாக்கிறது, படத்தை? பன்றியின்ரை முதுகிலையோ?"

"பவர் பேங்க் எடுத்துட்டுப் போகட்டும், அண்ணா."

"கையுறையைப் போட்டுக்கொண்டு திரையைத் தடவச் சொல்லு பாப்பம். மழையிலை அது தானாத் தமிழ்நாட்டுக்குக் கோல் எடுக்கும்."

இருவரும் வாதாட, சாமான் வாங்க வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மணிக்கூடு போலக் கையில் கட்டுவது நல்லது என்றார் ஒருவர். அதற்கு மூக்குக்கண்ணாடி மாற்றவேண்டும், எழுத்து எறும்பு அளவு என்றார் இன்னொருவர். நாய்க்குக் கழுத்தில் கட்டி, நாய் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் கருவி ஒன்று உண்டாம். "அதை வாங்கி இவனுக்குக் கட்டி, மற்றதைச் சம்பந்தியின்ரை கையிலை குடுத்தால் அலுவல் முடிஞ்சுது" என்று அண்ணை தீர்ப்புச் சொன்னார். கடை முழுக்கச் சிரித்தது. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, வேட்டைச் சாமான் விற்கும் பிரெஞ்சுக் கடைக்கே போனேன். விற்பனையாளர் பொறுமைசாலி. மலையில் எத்தனை மணித்தியாலம் நிற்பீர்கள், கையுறை போடுவீர்களா, கண் பார்வை எப்படி என்று கேட்டார். வைத்தியரிடம் சொல்வது போல எல்லாவற்றுக்கும் உண்மை சொன்னேன். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை முதலில் காட்டினார். மாதாமாதம் சந்தா கட்டவேண்டுமாம்; அதைவிட, அது இருந்தால் பவானி காட்டுக்குள்ளும் "சாப்பிட்டியளோ" என்று கேட்டு எழுதுவாள் என்று விட்டுவிட்டேன். தொடுதிரை உள்ளதைக் கையுறையோடு தடவிப் பார்த்தேன், அது என்னைக் கணக்கில் எடுக்கவில்லை. கடைசியில் பொத்தான்கள் உள்ள, கைக்கு அடக்கமான, தடித்த ஒன்றைத் தந்தார். சாதாரணப் பற்றறியில் ஓடும், தீர்ந்தால் காட்டுக்குள்ளேயே மாற்றலாம். தண்ணீருக்குள் விழுந்தாலும் சாகாது. மலையின் ஏற்ற இறக்கக் கோடுகளோடு வரைபடம் உள்ளே இருந்தது.

"இந்தப் பொத்தானைப் பாருங்கள்" என்றார். "புறப்படும்போது நிற்கும் இடத்தைப் பதிந்துவிடுங்கள். திரும்ப வேண்டுமென்றால் இதை அழுத்துங்கள். அம்புக்குறி அந்த இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும்."

அப்படியொரு பொத்தான் வந்த புதிதில் என் கையில் இருந்திருந்தால் முதல் குளிர்காலத்திலேயே அழுத்தியிருப்பேன். கருவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

4

பரீட்சித்துப் பார்க்காமல் மலைக்குப் போகக்கூடாது என்று கார்த்திக் சொல்லியிருந்தான். ஆகவே கார் து நோர் ரயில் நிலைய வாசலில் நின்று இடத்தைப் பதிந்துவிட்டு, ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையம் வரைக்கும் நடந்தேன். மேலால் மெத்ரோ போகும் பாலத்துக்குக் கீழே வந்ததும் கருவி செயற்கைக்கோளைத் தொலைத்துவிட்டது. அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்றடி முன்னே, மூன்றடி பின்னே என்று நடந்துகொண்டிருக்கையில் இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள்.

"என்ன அது?"

"வேட்டைக்கான கருவி."

"ஸ்டாலின்கிராட்டில் என்ன வேட்டை?"

பெண்சாதி, பிள்ளை, சம்பந்தி, மலை என்று எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அவசரத்தில் வரும் பிரெஞ்சில் இறந்தகாலமும் எதிர்காலமும் கலந்துவிடும். சம்பந்தியைச் சுட்டுவிட்டேன் என்று விளங்கிக்கொண்டார்களோ தெரியாது, பப்பியேயை இரண்டு முறை பார்த்தார்கள். இளையவர் கடைசியில் கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, தன் மாமனும் வேட்டைக்காரர், இதே போல ஒன்று வைத்திருக்கிறார், நல்ல தெரிவு என்று சொல்லித் திருப்பித் தந்தார். அம்பு என்னைச் சரியாகக் கார் து நோருக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. நான் கருவியைக் கோயிலில் வைத்துப் பூசை செய்வித்து, சந்தனத்தைக் கவனமாகத் துடைத்தேன்.

அதற்கு ஒரு பையும் தைத்துத் தந்தாள் பவானி. கழுத்தில் தொங்கவிடலாம். முன்பக்கம் தெளிந்த பிளாஸ்டிக், மழையிலும் எடுக்காமலே பார்க்கலாம். பின்பக்கம் தடித்த துணி, இரண்டு மடிப்பு. "இதைக் கழட்டாமல் போட்டுக்கொண்டு போங்கோப்பா" என்று மூன்று முறை சொன்னாள். பாசம் என்று நினைத்தேன்.

5

கார்த்திகைச் சனிக்கிழமை காலை, ழெராரின் காரை ஒரு மலைச்சரிவில் விட்டோம். அவர் துவக்கை எடுத்தார், நான் கருவியில் இடத்தைப் பதிந்தேன். என் முதுகுப் பையில் பவானி பொரித்துக் கட்டித் தந்த ஆட்டிறைச்சி ரோல்ஸ் பன்னிரண்டு இருந்தன. மூன்று மணித்தியாலம் நடந்தோம். பன்றியின் காலடி கண்டோம், அது கிளறிய மண் கண்டோம், பன்றியைக் காணவில்லை. ழெரார் ஒவ்வொரு தடத்தையும் காட்டி, "எத்தனை வயது சொல்லுங்கள்?" என்பார். நான் குந்தியிருந்து மண்ணை முகர்ந்துவிட்டு, "நீங்கள் முதலில் சொல்லுங்கள்" என்பேன். அவர் சொன்னதும், "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்பேன்.

பத்து மணிக்குப் பிறகு மூடுபனி இறங்கியது. எனக்கு முன்னால் நின்ற ழெராரின் செம்மஞ்சள் அங்கி பழுப்பாகிவிட்டது. ழெரார் நின்றார்.

"கந்தையா, இனி நீங்கள் முன்னே போங்கள். வன்னிக்காட்டுக்காரருக்கு இது ஒரு காடா!"

நான் பொத்தானை அழுத்தினேன். அம்பு வந்தது. அது காட்டிய பக்கம் வீரமாக நடந்தேன். பனிக்குள் பத்தடிக்கு ஒருமுறை நின்று பார்க்கவேண்டியிருந்தது. நிற்கும்போதெல்லாம் அம்பு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. காருக்கு எண்ணூறு மீட்டர் என்றிருந்தது தொளாயிரமாகி, ஆயிரத்து இருநூறானது. மலைப்பாதை வளைந்துதான் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ழெரார் பின்னால் வந்தார். ஒரு மணித்தியாலம் கழித்து, நடுவில் முறிந்த ஒரு பைன் மரத்தின் முன்னால் நின்றோம்.

"இந்த மரத்தை நாங்கள் ஏற்கெனவே சந்தித்திருக்கிறோம்" என்றார் அவர்.

போச்சு, எல்லாம் போச்சு, மத்தியானத்துக்குள் ஆரணிக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ழெரார் தன் பொக்கற்றிலிருந்து ஒரு பழைய திசைகாட்டியை எடுத்து என் கருவிக்குப் பக்கத்தில் பிடித்தார். அதன் முள் துள்ளித் திரும்பி, நேராக என் நெஞ்சைக் காட்டியது. தள்ளிப் பிடித்தார், வடக்குக்குப் போனது. கிட்டப் பிடித்தார், என்னிடம் வந்தது. பையைத் தடவிப் பார்த்தார். கத்தியால் மடிப்பின் தையலைப் பிரித்தார். உள்ளேயிருந்து நாலு அங்குல இரும்பாணி ஒன்று வெளியே வந்தது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பொரித்த இறைச்சியோடு காடு கரம்பைக்குப் போகிறவன் கையில் இரும்பு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பேய் பின்னால் வரும். ஆனால் ஓய்வு பெற்ற பிரெஞ்சுத் தபால்காரருக்கு விளக்கவேண்டுமே. எனக்கு வந்தது மூன்று சொல்தான். "மனைவி. இறைச்சி. பேய்."

ழெரார் ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேய் இந்த ஊரதா, உங்கள் நாட்டிலிருந்து கூட வந்ததா?"

"தெரியாது. அதனிடம் யாரும் பப்பியே கேட்கவில்லை."

அவர் சிரித்த சிரிப்பில் அந்த மலையில் மிச்சமிருந்த பன்றியும் ஓடியிருக்கும். மரத்தடியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். "பாவம் நீங்கள். இந்த இரும்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு எந்த வேட்டைக்காரனும் வழி கண்டுபிடிக்க முடியாது" என்றார். கருவிக்குள் இருக்கும் திசைகாட்டியை ஆணி குழப்பிவிட்டதாம். என்னைக் கவிழ்த்த ஆணியே என் மானத்தையும் காப்பாற்றிவிட்டது. பவானியை மனதுக்குள் ஏசிக்கொண்டே கும்பிட்டேன்.

ரோல்ஸைப் பிரித்துச் சாப்பிட்டோம். ஐந்தாவதை எடுத்துக்கொண்டு ழெரார் நெருங்கி உட்கார்ந்தார். "பன்றியை விடுங்கள். அந்தச் சிறுத்தைக் கதையைச் சொல்லுங்கள்."

எனக்குப் புரையேறியது.

"ஆரணி சொன்னாள். வெறுங்கையோடு நின்று, கண்ணோடு கண் பார்த்து, சிறுத்தையைத் திருப்பி அனுப்பினீர்களாமே. என் மனைவி அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்."

நான் எந்தச் சிறுத்தையையும் பற்றிச் சொன்னதில்லை. மிருகக்காட்சிச்சாலையில்கூடக் கூட்டுக்குத் தூரத்தில் நின்று பார்க்கிறவன். என் பொய் என் தலையோடு போகட்டும். ஆனால் இப்போது இல்லை என்றால், வாழப்போகிற வீட்டில் என் பிள்ளை பொய்க்காரியாகிவிடுவாள்.

"அது நீண்ட கதை" என்றேன். "சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்கும்போதுதான் சொல்லவேண்டும். எங்கள் வழக்கம்."

அப்படி எங்களுக்கு ஒரு வழக்கமும் இல்லை.

6

ஆணி ழெராரின் பொக்கற்றுக்குப் போக, அம்பு எங்களைக் கொண்டுவந்து காரில் சேர்த்தது. வீட்டு முற்றத்தில் ஆரணி நின்றாள். ழெரார் உள்ளே போனதும் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். தமிழ் வந்தது. ரகசியம் அல்லவா.

"அப்பா, அவர் அந்த லெயொபார், சிறுத்தை பற்றிக் கேட்டவரோ?"

"கேட்டவர்."

"என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?"

அவள் சப்பாத்தால் சரளைக் கல்லைக் கிளறினாள். "இவையள் எப்பவும் கதை சொல்லுவினம். அப்பான்ரை கதை, அப்பான்ரை அப்பான்ரை கதை. பிறகு என்னட்டைக் கேட்டினம், உங்கட அப்பா எப்பிடி எண்டு. எனக்கு... ரியான். ஒண்டுமே தெரியாது. நீங்கள் எனக்கு ஒண்டும் சொன்னதில்லை. வேலை, குளிர், பப்பியே, அவ்வளவுதான். அண்டைக்குப் பன்றி எண்டு சொன்னனீங்கள். எனக்கு அது ஒண்டுதான் இருந்தது. பன்றி போதாது எண்டு அதைச் சிறுத்தை ஆக்கினன்."

பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை, ஊர்ப்பற்று வரவில்லை என்று தவம் அண்ணையின் கடையில் நின்று எத்தனை முறை குறைப்பட்டிருப்பேன். சொல்ல ஒன்றும் கொடுக்காமல்தான் அவளை வளர்த்திருக்கிறேன் என்பது அந்த முற்றத்தில் விளங்கியது. வெட்கமாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். வைனில் வேகவைத்த பன்றியிறைச்சி, போன மாதம் சுட்டது. ழெராரின் மனைவி கைகளைக் கட்டிக்கொண்டு, "சிறுத்தை!" என்றார். ஆரணியின் முள்ளுக்கரண்டி பாதி வழியில் நின்றது.

"என் பிரெஞ்சு இதற்குப் போதாது" என்றேன். "நான் தமிழில் சொல்லுகிறேன், மகள் மொழிபெயர்ப்பாள்."

பிறகு அவளைப் பார்த்துச் சொன்னேன். "பிள்ளை, எனக்கு அப்ப பத்தொன்பது வயது. என்ரை கையிலை இருந்தது துவக்கில்லை, தேத்தண்ணிக் கேத்தில். சித்தப்பா ஆக்கள் முன்னாலை போயிட்டினம். பத்தைக்குள்ளை ஏதோ சரசரத்தது. கேத்திலை எறிஞ்சுபோட்டு ஒரு வீரை மரத்திலை ஏறியிட்டன். ஏறத் தெரியாது, எண்டாலும் ஏறினன்."

ஆரணி உதட்டைக் கடித்துக்கொண்டு பிரெஞ்சில் திரும்பினாள். இருள், புதர், இரண்டு மஞ்சள் கண்கள், அசையாமல் நின்ற இளைஞன் என்று போனது அவள் மொழிபெயர்ப்பு. ழெரார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"பத்தைக்குள்ளாலை வந்தது ஒரு எருமைக் கண்டுக்குட்டி" என்றேன். "அது நான் தேத்தண்ணிக்குக் கொண்டுபோய்க் கீழை கொட்டின பனங்கட்டியை நக்கிக்கொண்டு நிண்டது. நான் மேலை நிண்டு அழுதுகொண்டிருந்தன்."

பிரெஞ்சில் சிறுத்தை ஓரடி முன்னே வந்து, மூக்கை விரித்து, என் கண்ணுக்குள் பார்த்தது. ழெராரின் மனைவி நெஞ்சில் கை வைத்தார். பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் வேலை செய்யும் பவானிக்கு என்னைவிடப் பிரெஞ்சு தெரியும். அவள் ஒரு காதால் எருமையையும் மறு காதால் சிறுத்தையையும் கேட்டு, தண்ணீர்க் கோப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

சிறுத்தை காட்டுக்குள் திரும்பிப் போனது. ழெரார் எழும்பி வந்து என் தோளில் தட்டினார். அவர்களுக்குக் கதை முடிந்துவிட்டது. ழூலியன் பாண் வெட்டத் தொடங்கினான்.

ஆரணி மட்டும் இன்னும் என் பக்கம் திரும்பியபடியே இருந்தாள். யாரும் எதையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, மெல்லக் கேட்டாள்.

"பிறகு என்னப்பா நடந்தது?"

தட்டில் இறைச்சி ஆறிக்கொண்டிருந்தது. நான் சொல்லிக்கொண்டே போனேன்.